இரு நகரங்களுக்கிடையிலான விமானத் தொலைவையும் பயண நேரத்தையும் நாமே கணக்கிடும் முறை

தட்டையான உலகப்படத்தில் அளவுகோல் வைத்து இழுக்கும் நேர்க்கோடு பெரும்பாலும் மிகக் குறுகிய வழியாக இருப்பதில்லை. உருண்டையான புவியின் மேல் மிகக் குறுகிய வழி என்பது, புவியின் மையத்தையே மையமாகக் கொண்ட பெருவட்டத்தின் ஒரு வில் ஆகும். லண்டனைவிடத் தெற்கே இருக்கும் நியூயார்க்குக்குச் செல்லும் விமானம் முதலில் வடமேற்காகத் திரும்புவது இதனால்தான். அந்த இரு நகரங்களையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

படி 1: விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். ஹீத்ரோவுக்கு வடக்கு 51.47, மேற்கு 0.45 பாகை; ஜே.எஃப்.கே. நிலையத்துக்கு வடக்கு 40.64, மேற்கு 73.78 பாகை. இரண்டும் மேற்கில் இருப்பதால் தீர்க்கரேகைகளைக் கழிக்க, 73.33 கிடைக்கும். ஒன்று கிழக்கிலும் மற்றொன்று மேற்கிலும் இருந்தால் கூட்ட வேண்டும். தெற்கு அட்சரேகையைக் குறை எண்ணாகக் கொள்ள வேண்டும்.

படி 2: இரு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்கினால் 0.5095 வரும். அவற்றின் கொசைன் மதிப்புகளோடு 73.33-இன் கொசைனையும் சேர்த்துப் பெருக்கினால் 0.1356 வரும். இரண்டையும் கூட்டிய 0.6451-க்கு நேர்மாறு கொசைன் (cos⁻¹) கண்டால் 49.83 பாகை; புவியின் மையத்தில் இரு நகரங்களுக்கும் இடையிலான கோணம் இதுவே. கால்குலேட்டர் ரேடியனில் இருந்தால் விடை அபத்தமாக இருக்கும் என்பதால், தொடங்கும் முன்பே அதை டிகிரிக்கு மாற்றிவிடுங்கள்.

படி 3: புவியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ.; எனவே பெருவட்டத்தில் ஒரு பாகை 111.19 கி.மீ. இதை 49.83-ஆல் பெருக்க, தொலைவு ஏறத்தாழ 5,540 கி.மீ.

படி 4: தொலைவு மாறாதது; நேரமோ காற்றைப் பொறுத்தது. பெரிய ஜெட் விமானங்கள் தம்மைச் சூழ்ந்த காற்றோடு ஒப்பிட மணிக்குச் சுமார் 900 கி.மீ. வேகத்தில் பறக்கின்றன. ஆனால், வட அட்லாண்டிக்கின் மேல் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம் சராசரியாக 100 கி.மீ. வேகம் கொண்டிருப்பதாக வைத்துக்கொண்டால், நியூயார்க் செல்லும்போது எதிர்காற்றால் தரைவேகம் 800-ஆகக் குறைந்து 6 மணி 56 நிமிடமும், திரும்பும்போது பின்காற்றால் 1,000-ஆக உயர்ந்து 5 மணி 32 நிமிடமும் ஆகும். ஓடுபாதைக்கு நகர்வது, மேலேறுவது, இறங்குவது ஆகியவற்றுக்காக 40 நிமிடம் கூட்டிக்கொள்ளுங்கள். விமான நிறுவனங்களின் அட்டவணையில் இதைவிடக் கூடுதலான நேரம் தெரிந்தால் வியக்க வேண்டாம். நெரிசலையும் வளைந்து செல்லும் தடத்தையும் கருதி அவை சற்றுத் தாராளமாகவே ஒதுக்குகின்றன.

படி 5: பயணச்சீட்டில் உள்ள இரு நேரங்களும் அந்தந்த ஊரின் நேரங்கள் என்பதால், அவற்றை நேரடியாகக் கழிக்கக் கூடாது. லண்டனில் காலை 10 மணிக்குப் புறப்பட்டு நியூயார்க்கில் பகல் 1 மணிக்கு இறங்கினால், பயணம் 3 மணி நேரமன்று. 5 மணி நேர வேறுபாட்டைச் சேர்த்து 8 மணி நேரம். அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறிலும் பிரிட்டன் அதே மாதக் கடைசி ஞாயிறிலும் கடிகாரத்தை முன்தள்ளுவதால், இடைப்பட்ட வாரங்களிலும், கடிகாரத்தைப் பின்தள்ளும் அக்டோபர் கடைசி ஞாயிறு (பிரிட்டன்) முதல் நவம்பர் முதல் ஞாயிறு (அமெரிக்கா) வரையிலான வாரத்திலும் 5-க்குப் பதில் 4 எனக் கொள்ளுங்கள்.