உயர்தெளிவுக் காணொளியைக் கணினியில் பார்க்க: நகல் தடுப்பு நிபந்தனைகளைச் சரிபார்க்கும் முறை

சந்தா கட்டிய சேவையிலோ காசு கொடுத்து வாங்கிய புளூ-ரே வட்டிலோ உள்ள உயர்தெளிவுப் படம் கணினியில் மட்டும் மங்கலாக வந்தாலும், ஒலி கேட்கத் திரை கறுப்பாகவே நின்றாலும், பெரும்பாலோர் முதலில் இணைய வேகத்தையும் கணினியின் திறனையுமே சந்தேகிக்கிறார்கள். பல வேளைகளில் குறை அங்கே இருப்பதில்லை. படத்தின் உரிமையாளர்கள் விதித்திருக்கும் நகல் தடுப்பு நிபந்தனைகளில் ஏதோ ஒன்று அந்தக் கணினியில் நிறைவேறாமல் போயிருக்கும். அப்போது சேவையோ பிளேயர் மென்பொருளோ தானாகவே தரத்தைக் குறைத்துவிடும், அல்லது ஓட மறுத்துவிடும். எந்த நிபந்தனை தவறியது என்பதைத் தெளிவாகச் சொல்வது அரிது. அதைப் பார்வையாளரே தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அதற்கான வழிமுறையே இங்கே தரப்படுகிறது. பூட்டை உடைக்கும் வழிகள் இதில் இல்லை.

முதலில் ஓர் எளிய சோதனை. உங்கள் கேமராவில் எடுத்த காணொளிக்கோ, பூட்டில்லாமல் வெளியிடப்பட்ட 4கே (3840x2160 புள்ளிகள்) கோப்புக்கோ இந்த நிபந்தனைகள் எதுவும் பொருந்தாது. அப்படிப்பட்ட ஒரு கோப்பைக் கணினியில் ஓட்டிப் பாருங்கள். அது தடங்கலின்றி ஓடி, சந்தா சேவையின் படம் மட்டும் தரம் குறைந்து வருமானால், பிராசஸரையோ நினைவகத்தையோ மாற்றி எந்தப் பயனும் இல்லை. பாதுகாப்புச் சங்கிலியின் மூன்று கண்ணிகளையும் வரிசையாகப் பார்க்க வேண்டும்: படம் பூட்டப்பட்டு வரும் மூலம், கணினிக்குள் பூட்டைத் திறக்கும் மென்பொருளும் வன்பொருளும், கணினியிலிருந்து திரைக்குப் போகும் இணைப்பு. இவற்றில் மிகவும் பலவீனமானது எதுவோ அதுவே உங்களுக்குக் கிடைக்கும் தரத்தைத் தீர்மானிக்கும். சோதனையைக் கடைசிக் கண்ணியான திரையிலிருந்து தொடங்குவது நல்லது, ஏனெனில் சிக்கல்கள் அங்கேதான் அதிகம்.

திரையும் கேபிளும்

கணினிக்கும் திரைக்கும் இடையே படம் போகும் வழியைக் காப்பது எச்டிசிபி என்ற முறை. இன்டெல் நிறுவனம் உருவாக்கிய இதன் முதல் பதிப்பு 2000-ஆம் ஆண்டில் வெளிவந்தது. உரிமம் வழங்குவது இன்டெலின் துணை நிறுவனமான டிஜிட்டல் கன்டென்ட் புரொடெக்ஷன். இது எப்படி வேலை செய்கிறது என்று சற்று விரிவாகத் தெரிந்துகொண்டால், பின்னால் வரும் பல குறைகளின் காரணம் தானே விளங்கும். 1.x பதிப்புகளில் ஒவ்வொரு கருவிக்கும் 56 பிட் நீளமுள்ள 40 ரகசியச் சாவிகளும், 40 பிட் நீளமுள்ள ஓர் அடையாள எண்ணும் கொடுக்கப்படுகின்றன. அந்த எண்ணில் சரியாக 20 ஒன்றுகளும் 20 பூஜ்யங்களும் இருக்க வேண்டும். கேபிளைச் செருகியதும் கணினியும் மானிட்டரும் தத்தம் அடையாள எண்ணைப் பரிமாறிக்கொள்கின்றன. எதிர்முனையின் எண்ணில் ஒன்று வரும் இடங்களுக்குரிய தன் சாவிகளை மட்டும் ஒவ்வொன்றும் கூட்டுகிறது. இரண்டும் உண்மையான கருவிகளாக இருந்தால் இரு பக்கமும் ஒரே விடை வரும். அந்த விடையிலிருந்துதான் படத்தை மறையாக்கும் சாவி பிறக்கிறது.

படம் ஓடத் தொடங்கிய பிறகும் சோதனை நிற்பதில்லை. 128 ஃபிரேமுக்கு ஒரு முறை சரிபார்ப்பு எண் மாறுகிறது, கணினி அதைத் திரையிடம் கேட்டு ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறது. மிக நீளமான கேபிளிலும் முனை தளர்ந்த கேபிளிலும் படம் திடீரென அணைந்து சில விநாடிகளில் மீண்டும் வருவதற்கு இந்த ஒப்பீடு தவறுவதே அடிக்கடி காரணமாகிறது. சாதாரண மேசைத் திரைக்கும் பூட்டில்லாத காணொளிக்கும் அதே கேபிளில் எந்தக் குறையும் தெரியாது என்பதால், பலர் கேபிளை மாற்றிப் பார்க்க நினைப்பதே இல்லை. முதலில் மாற்ற வேண்டியது அதைத்தான்.

2010 செப்டம்பரில் எச்டிசிபி 1.x-இன் தலைமைச் சாவி, அதாவது எல்லாக் கருவிகளின் சாவிகளையும் உருவாக்கப் பயன்படும் மூலச் சாவி, இணையத்தில் வெளியானது, அது உண்மையானதுதான் என்று இன்டெலும் உறுதிசெய்தது. 2.x பதிப்புகள் முற்றிலும் வேறு அடிப்படையில், ஆர்எஸ்ஏ, 128 பிட் ஏஇஎஸ் என்ற பரவலாகப் பயன்படும் மறையாக்க முறைகளைக் கொண்டு அமைந்தவை. 1080பி (1920x1080 புள்ளிகள்) வரையிலான படங்களுக்குப் பொதுவாக எச்டிசிபி 1.4 போதும். 4கே படங்களுக்கு 2.2 தேவை, அவற்றை 1.x கருவிக்கு அனுப்பக் கூடாது என்றே விதி சொல்கிறது. சாவி வெளியானபின் 1.x பூட்டால் நகலெடுப்பவருக்குப் பெரிய தடை இல்லை. ஆனால் 2.2 இல்லாத நல்ல 4கே மானிட்டரை முன்பே வாங்கிவிட்ட நேர்மையான பார்வையாளருக்கு அந்தத் திரை இன்றும் பூட்டிய 4கே படத்தைக் காட்டுவதில்லை. இந்தச் சுமை தவறான தோள்களில் ஏற்றப்பட்டிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஆயினும் விதி இதுவாக இருப்பதால், புதிய திரை வாங்குவோர் 4கே என்ற சொல்லோடு நிற்காமல், விவரக் குறிப்பில் எச்டிசிபி 2.2 அல்லது அதற்கு மேற்பட்ட பதிப்பு எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எச்டிஎம்ஐ 2.0 என்று எழுதியிருப்பது அதற்கு ஈடாகாது. தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாகப் பயன்படுத்துவோர் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சில பழைய 4கே பெட்டிகளில் எல்லா எச்டிஎம்ஐ துளைகளும் 2.2-ஐ ஏற்பதில்லை, ஒன்றோ இரண்டோ மட்டுமே ஏற்கும். எது என்பது கையேட்டில் இருக்கும்.

விஜிஏ இணைப்புக்கு எச்டிசிபி என்பதே கிடையாது. டிவிஐ இணைப்பில் சில கருவிகளில் உண்டு, சிலவற்றில் இல்லை. டிஸ்பிளேபோர்ட் 1.1 முதல் அதற்கு இடமளிக்கிறது. கணினிக்கும் திரைக்கும் இடையில் வைக்கும் ஒவ்வொரு பொருளும், ஒலிபெருக்கி ரிசீவரானாலும் எச்டிஎம்ஐ ஸ்விட்ச் ஆனாலும் ஸ்பிளிட்டர் ஆனாலும், சங்கிலியில் இன்னொரு கண்ணியாகவே கணக்கிடப்படும், திரை 2.2 ஆக இருந்தும் நடுவில் உள்ள ஸ்விட்ச் 1.4 ஆக இருந்தால் கணினி முழு வழியையும் 1.4 என்றே எடுத்துக்கொள்ளும். யூஎஸ்பி-சி வழியாகக் கிராஃபிக்ஸ் சிப்பின் டிஸ்பிளேபோர்ட் சிக்னலை அப்படியே வெளியே கொடுக்கும் டாக் (மடிக்கணினியோடு பல கருவிகளை இணைக்கும் பெட்டி) பெரும்பாலும் சிக்கல் தருவதில்லை. மாறாக, படத்தைச் சுருக்கி யூஎஸ்பி தரவாக அனுப்பித் தன் சொந்த டிரைவரால் (கருவியை இயக்கும் மென்பொருளால்) திரையில் விரிக்கும் டாக்கில், பாதுகாக்கப்பட்ட படம் கறுப்பாக வருவது வழக்கம். இரண்டும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் என்பதால் வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இணைப்பின் நிலையை அறிய, என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு உள்ளவர்கள் மேசைத்திரையில் வலது சொடுக்கில் என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, டிஸ்பிளே பகுதியில் எச்டிசிபி நிலையைக் காட்டும் பக்கத்துக்குப் போகலாம். எந்தக் கார்டு, எந்தத் துளை, எந்தத் திரை என்று படமாகக் காட்டி, அந்த இணைப்பு எச்டிசிபிக்குத் தகுதியானதா என்று அது சொல்லிவிடும். ஏஎம்டி கார்டுகளின் மென்பொருளிலும் திரை அமைப்புகளில் எச்டிசிபிக்கான ஒரு வரி உண்டு. அங்கே அதை அணைத்துவைக்கவும் வழி இருப்பதால், அணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

இரண்டு திரை வைத்திருப்போர் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. புதிய 4கே மானிட்டரில் படம் ஓடுகிறது, பக்கத்தில் மின்னஞ்சலுக்காக ஒரு பழைய திரை விஜிஏ மாற்றியின் வழியாக இணைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படம் அந்தப் பழைய திரையில் தெரிவதே இல்லை என்றாலும், இணைந்திருக்கும் எல்லாத் திரைகளும் நிபந்தனையை நிறைவேற்ற வேண்டும் என்று நெட்ஃபிளிக்ஸ் போன்ற சேவைகள் எதிர்பார்க்கின்றன. பழைய திரையின் கேபிளைக் கழற்றிவிட்டு, பிரவுசரை மூடித் திறந்து மீண்டும் ஓட்டிப் பாருங்கள். தரம் உடனே உயர்ந்தால் காரணம் கைக்கு வந்துவிட்டது.

கணினிக்குள்

பூட்டுத் திறந்த படம் இன்னொரு மென்பொருளின் கையில் சிக்காதபடி காக்கும் ஏற்பாட்டை மைக்ரோசாஃப்ட் 2007-இல் பொதுமக்களுக்கு விற்பனைக்கு வந்த விண்டோஸ் விஸ்டாவிலிருந்து இயங்குதளத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. பாதுகாக்கப்பட்ட படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்புக் கட்டம் வருவதும் இவ்வகை ஏற்பாடுகளால்தான். எனவே திரைப் பதிவு மென்பொருளையும் தொலைவிலிருந்து திரையைப் பார்க்கும் மென்பொருளையும் படம் பார்க்கும் நேரத்தில் மூடிவையுங்கள். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அதன் தயாரிப்பாளரின் டிரைவர் நிறுவப்பட்டிருக்க வேண்டும். விண்டோஸை மறுபடி நிறுவிய பிறகு மைக்ரோசாஃப்டின் அடிப்படை டிரைவரோடு விட்டுவிட்டால் பாதுகாப்பு வழி அமையாது. மெய்நிகர் கணினிக்குள் (கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினிக்குள்) உயர்தரத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

சந்தா சேவைகள்

பிரவுசரில் பூட்டுத் திறக்கும் வேலையைக் கூகுளின் வைட்வைன், மைக்ரோசாஃப்டின் பிளேரெடி, ஆப்பிளின் ஃபேர்பிளே ஆகியவை செய்கின்றன. இவற்றைப் பிரவுசருடன் இணைக்கும் தரத்தை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2017 செப்டம்பரில் பரிந்துரையாக வெளியிட்டது. வைட்வைனில் மூன்று நிலைகள் உண்டு. எல்1 நிலையில் சாவியைக் கையாள்வதும் படத்தை விரிப்பதும் வன்பொருளின் பாதுகாப்பான பகுதிக்குள்ளேயே நடக்கின்றன. எல்2-இல் சாவி வேலை மட்டும் அங்கே நடக்கிறது. எல்3-இல் எல்லாம் சாதாரண மென்பொருளிலேயே நடக்கின்றன. பிளேரெடியில் எஸ்எல்3000 என்பது வன்பொருள் நிலையையும் எஸ்எல்2000 என்பது மென்பொருள் நிலையையும் குறிக்கும். எந்த நிலைக்கு எவ்வளவு தெளிவு தருவது என்பதைச் சேவை முடிவுசெய்கிறது. 4கே படத்துக்குப் பொதுவாக வன்பொருள் நிலையையே அவை கேட்கின்றன.

ஒரே கணினியில், ஒரே சந்தாவில், ஒரு பிரவுசரில் மங்கலாகவும் மற்றொன்றில் தெளிவாகவும் படம் வருவதற்கு இந்த வேறுபாடே காரணம். விண்டோஸில் நெட்ஃபிளிக்ஸின் 4கே படத்துக்கு எட்ஜ் பிரவுசரோ நெட்ஃபிளிக்ஸின் சொந்தச் செயலியோ வேண்டும்; குரோமிலும் ஃபயர்ஃபாக்ஸிலும் அது கிடைப்பதில்லை. மேக் கணினியில் சஃபாரி வேண்டும். அதிலும் ஆப்பிளின் சொந்தப் பிராசஸரான ஆப்பிள் சிலிக்கானோ, அதன் டி2 பாதுகாப்புச் சிப்போ உள்ள கணினியாக இருக்க வேண்டும். லினக்ஸ் பிரவுசர்களில் வைட்வைன் மென்பொருள் நிலையில் மட்டுமே இயங்குவதால், பல சேவைகள் அங்கே தரத்தைக் குறைத்தே தருகின்றன. ஒவ்வொரு சேவையும் இந்த விதிகளை அவ்வப்போது மாற்றுகிறது என்பதால், சந்தாவின் உயர்தரத் திட்டத்துக்குக் கூடுதல் பணம் கட்டும் முன் அதன் உதவிப் பக்கத்தில் உங்கள் இயங்குதளத்தையும் பிரவுசரையும் தேடிப் படித்துவிடுங்கள்.

எட்ஜில் பார்த்தும் தரம் உயரவில்லை என்றால் இரண்டு இடங்களைப் பாருங்கள். பிரவுசர் அமைப்புகளில் வன்பொருள் முடுக்கம் (படத்தை விரிக்கும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) அணைந்திருந்தால் வன்பொருள் நிலைப் பாதுகாப்பும் கிடைக்காது. வேறு ஏதோ சிக்கலுக்காக அதை அணைத்துவிட்டு மறந்துவிடுவது சாதாரணமாக நடக்கிறது. அடுத்து, 4கே படங்கள் பெரும்பாலும் எச்இவிசி என்ற சுருக்க முறையில் வருவதால், அதற்கான நீட்டிப்பு விண்டோஸில் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அது மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் கிடைக்கிறது.

வட்டுகள்

புளூ-ரே வட்டின் பூட்டு ஏஏசிஎஸ் எனப்படுகிறது. விண்டோஸில் அதற்கான பிளேயர் சேர்ந்து வருவதில்லை. உரிமம் பெற்ற மென்பொருளை வாங்க வேண்டும். வாங்கியதோடு அது முடிவதும் இல்லை. அந்த மென்பொருளுக்குள் இருக்கும் சாவிகள் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், நேற்று வரை எல்லா வட்டுகளையும் ஓட்டிய பிளேயர் இன்று வந்த புதிய வட்டை மறுக்கக்கூடும். தயாரிப்பாளர் புதுப்பிப்பு தருவதை நிறுத்திவிட்ட பழைய பதிப்பை விலை குறைவு என்று வாங்க வேண்டாம். அனலாக் இணைப்பில் பார்க்க நினைப்போருக்கும் ஒரு எச்சரிக்கை: அனலாக் வழியில் படத்தை 960x540 அளவுக்குக் குறைக்கச் சொல்லும் கட்டளையை வட்டிலேயே பதிக்க ஏஏசிஎஸ் இடமளிக்கிறது.

4கே அல்ட்ரா எச்டி புளூ-ரே வட்டுகளின் நிலை இன்னும் கடினமானது. அவற்றின் ஏஏசிஎஸ் 2.0 பூட்டைக் கணினியில் முறைப்படி திறக்க, அந்த வட்டுகளுக்கென்றே சான்று பெற்ற வட்டு டிரைவும், இன்டெலின் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதியுள்ள பிராசஸரும், அந்தப் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராஃபிக்ஸ் வழியாக வெளிவரும் எச்டிசிபி 2.2 இணைப்பும் சேர்ந்து தேவைப்பட்டன. தனிக் கிராஃபிக்ஸ் கார்டின் துளையில் திரையைச் செருகினால் போதாது. ஏழாம் தலைமுறை கோர் பிராசஸர்களில் தொடங்கிய இந்த ஏற்பாடு பத்தாம் தலைமுறையோடு முடிந்துவிட்டது. பதினொன்றாம் தலைமுறை முதல் இன்டெல் தன் கோர் வரிசையில் எஸ்ஜிஎக்ஸை விலக்கிக்கொண்டது. ஆகவே இந்த வட்டுகளுக்காகவே இன்று புதிய கணினி வாங்க எண்ணுவோர் அந்த எண்ணத்தைக் கைவிட்டு, தனியான அல்ட்ரா எச்டி பிளேயர் ஒன்றை வாங்கி, தொலைக்காட்சியில் எச்டிசிபி 2.2 ஏற்கும் துளையில் நேராகச் செருகிக்கொள்வதே சரி. ஏழு முதல் பத்து வரையிலான தலைமுறைக் கணினியை ஏற்கெனவே வைத்திருப்போர், கணினி தொடங்கும்போது திறக்கும் பயாஸ் அமைப்பில் எஸ்ஜிஎக்ஸ் இயக்கப்பட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, அதன் பிறகு டிரைவ் வாங்கலாம்.