மலையில் வெண்ணெய்ப்பழம்: கன்று வைக்கும்போதே நடக்கும் தவறுகள்

தாண்டிக்குடி, ஏற்காடு பக்கம் காபித் தோட்டங்களில் பட்டர் ஃப்ரூட் (அவகாடோ) மரம் ரொம்ப நாளாகவே நிற்கிறது. இப்போது விலையைப் பார்த்துவிட்டு, அதையே தனிப்பயிராக வைக்கப் பலரும் இறங்குகிறார்கள். நல்லதுதான். ஆனால் நட்ட கன்று வாடும்போது நாம் செய்யும் காரியம்தான் வயிற்றைக் கலக்குகிறது: இன்னும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுகிறோம்.

தூரில் கிடக்கும் சருகை விலக்கிப் பாருங்கள். வெள்ளை நூல் மாதிரி வேர்கள் மேல்மண்ணிலேயே ஓடும். நீரையும் சத்தையும் உறிஞ்சுவது இவைதான். தண்ணீர் தேங்கினால் ஃபைட்டோப்தோரா என்ற வேரழுகல் நோய் பிடித்து இவை கறுத்து நொறுங்கும். இலை சிறுத்து மஞ்சளாகும், நுனிக்கிளை காயும். வேர் அழுகிய மரமும் தாகத்தில் வாடுகிற மரம் போலத்தான் தெரியும். அதனால் குழாயைத் திறப்பதற்கு முன் மண்ணைக் கிளறி, வேர் வெள்ளையா கறுப்பா என்று பாருங்கள். நடும்போதே ஆழக் குழியில் இறக்காமல், மேடு கட்டி, ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்கு மேலே தெரியும்படி வையுங்கள். களிமண் பள்ளம் என்றால் அந்த இடத்தை விட்டுவிடுவதே மேல்.

அடுத்தது, பெயரைப் பார்த்து ஒரே ரகத்தை வாங்குவது. எல்லாருக்கும் ஹாஸ்தான் வேண்டும். இந்த மரத்தின் பூ இரண்டு முறை விரியும், முதலில் பெண்ணாக, மறுநாள் ஆணாக. ஹாஸ் மாதிரி ஏ வகையில் பெண் பூ காலையில் விரியும், ஆண் பூ மறுநாள் பிற்பகலில். ஃபுயர்டே மாதிரி பி வகையில் பெண் பூ பிற்பகலில், ஆண் பூ மறுநாள் காலையில். இரண்டும் கலந்து நின்றால் காலையிலும் மாலையிலும் தேனீக்கு வேலை இருக்கும். குளிரில் இந்த நேரம் முன்னே பின்னே ஆகும், ஒரே ரகமும் ஓரளவு காய்க்கும். ஆனாலும் தோட்டம் முழுக்க ஒன்றையே நம்புவது வேண்டாம். தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் தடியன்குடிசையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, டி.கே.டி.1 அங்கே தேர்வு செய்த ரகம். நம் மலையில் காய்த்துக் காட்டிய மரத்தை முதலில் போய்ப் பாருங்கள்.

கன்று எங்கிருந்து வருகிறது என்று கேட்காமல் வாங்குவதும் தவறு. தாண்டிக்குடி இருக்கும் இதே பழனி மலையில் மலைவாழையை முடிக்கொத்து நோய் எப்படி வாரிக்கொண்டு போனது என்று பெரியவர்களைக் கேளுங்கள். அசுவினிப் பூச்சி மட்டும் பரப்பியதல்ல, நோயுள்ள பக்கக்கன்றை நாமே சுமந்துகொண்டு போய் நட்டதும் ஒரு காரணம். பட்டர் ஃப்ரூட்டிலும் அழுகல் நோய் நாற்றுப் பையின் மண்ணோடு தோட்டத்துக்குள் வந்துவிடும். விதைக் கன்று விலை குறைவு, சரி. ஆனால் அது காய்ப்புக்கு வர வருடக்கணக்கில் ஆகும், தாய்மரம் மாதிரியே காய்க்கும் என்ற உறுதியும் இல்லை.

அப்புறம் பறிப்பு. இந்தக் காய் மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் மெத்தென்றாகும். அவசரப்பட்டுப் பிஞ்சாகப் பறித்தால் பழுக்காமல் சுருங்கி, ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஒரு காயை அறுத்துப் பாருங்கள். கொட்டையின் மேல்தோல் வெளிறிய நிறத்தில் சதையோடு ஒட்டியிருந்தால் இன்னும் முற்றவில்லை. பழுப்பாகி, காகிதம் போலக் காய்ந்திருந்தால் ஏணியை எடுக்கலாம்.