வெட்சி இலை மஞ்சளடித்தால் மண்ணைப் பாருங்கள்

கோலாலம்பூரில் தாமான் எனப்படும் குடியிருப்புப் பகுதி வீடுகளில் வேலிக்கு வெட்சியை, அதாவது இட்லிப்பூச் செடியை, வரிசையாக நடுகிறார்கள். நல்ல தேர்வு. நம் ஊர் வெயிலும் மழையும் அதற்கு ஒத்துப்போகும், ஆண்டு முழுக்கப் பூக்கும். ஆனால் சுவரோரம் நட்ட செடியில் இளம் இலைகள் வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உடனே உரத்தை அள்ளிப் போடாதீர்கள். பெரும்பாலும் அது இரும்புச்சத்துக் குறை.

வெட்சிக்குப் புளிப்புத் தன்மையுள்ள மண்தான் பிடிக்கும். சிமெண்டுச் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் சுண்ணாம்பு கரைந்து இறங்கினால் மண்ணின் குணம் மாறிவிடும். அப்புறம் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. சுவரை விட்டுச் சற்றுத் தள்ளி நடுங்கள், மட்கிய இலையுரம் தாராளமாகச் சேருங்கள். செடி ஏற்கெனவே வெளுத்திருந்தால் நர்சரியில் கிலேட் இரும்பு, அதாவது வேர் எளிதில் எடுக்கும் வடிவிலுள்ள இரும்புச்சத்து, கேட்டு வாங்கி, பொட்டலத்தில் சொன்ன அளவில் கரைத்து ஊற்றுங்கள். பழைய இலை தேறாமல் போகலாம், புதுத்தளிரின் நிறத்தைத்தான் கவனிக்க வேண்டும்.

கொத்து வாடியதும் வெட்டிவிடுங்கள். புதுக்கிளையின் நுனியில்தான் பூ வரும் என்பதால் அடிக்கடி வேலியை மட்டமாகக் கத்தரித்தால் மொட்டும் சேர்ந்து போய்விடும். நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும்.