கிடை போகும் குடும்பங்களிடம் கருத்தடை பற்றிப் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இராமநாதபுரக் கரையோரத்தில், ஆட்டுக்கிடை வைத்துப் பிழைக்கும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. கிடைக்குத் தலைவரான கீதாரியின் பொறுப்பில் வளசையாக, அதாவது மேய்ச்சல் தேடி ஊர் ஊராகக் கிளம்பும் இவர்கள், சம்பா அறுவடை முடிந்த தஞ்சை, திருவாரூர் வயல்களில் எருவுக்காக ஆடுகளை அடைத்துக் கிடை மறித்துவிட்டு, ஐப்பசி மழையை ஒட்டி ஊர் திரும்புவார்கள். இவர்களைத் தேடிச் செல்லும் செவிலியர்களும் தன்னார்வலர்களும் நல்லெண்ணத்தோடுதான் செல்கிறார்கள். ஆனாலும் சில தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

முதல் தவறு, பேச்சைத் தொடங்கும் சொல்லிலேயே இருக்கிறது. ‘குடும்பக் கட்டுப்பாடு’ என்றதும் கிடையில் இருப்பவர்கள் ‘ஆப்பரேஷன்’ என்றே புரிந்துகொள்கிறார்கள். முதல் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் பெண், அது தனக்கு உரிய பேச்சில்லை என்று எழுந்து போய்விடுகிறாள். அவளுக்குத் தேவைப்படுவது இடைவெளி. ஒரு பிரசவத்துக்குப் பிறகு அடுத்த கருவுக்குக் குறைந்தது 24 மாதமாவது விட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஈன்ற ஆடு உடம்பு தேறுவதற்குள் மறுபடி சினைப்பட்டால் தாயும் குட்டியும் நலிந்துபோகும் என்பதை அறிந்த மக்களிடம் இதை விளக்குவது கடினமன்று. இவர்களை அறியாதவர்கள் என்று எண்ணிக்கொண்டு பாடம் நடத்துவதுதான் பேச்சைக் கெடுக்கிறது.

எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு, ஊரில் நிலையாக இருப்பவர்களுக்கு வகுத்த முறையை அப்படியே இவர்களுக்கும் கொடுப்பது. மன்னார்குடிப் பக்கம் ஒரு வயல் வரப்பில் சந்தித்த பெண், தம் சுருக்குப்பையை அவிழ்த்து, வெற்றிலைக்கு அடியில் நான்காக மடித்து வைத்திருந்த அட்டையைக் காட்டினார். மாசியில் சொந்த ஊரில் அந்தரா என்ற கருத்தடை ஊசி போட்டிருந்தார். மூன்று மாதம் கழித்து, வைகாசியில், அடுத்த தவணை. அதற்குள் கிடை பல ஊர்களைக் கடந்திருந்தது. அருகிலிருந்த ஒரு சுகாதார நிலையத்துக்கு நடந்துபோய்க் கேட்டபோது, “எங்கே போட்டீர்களோ அங்கேயே போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்” என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். வேர்வையில் எழுத்து கலங்கிப்போயிருந்த அந்த அட்டையை அவர் அப்போதும் பத்திரமாக வைத்திருந்தார். தவணை நாளுக்கு 2 வாரம் முன்னும் 4 வாரம் பின்னும் ஊசி போடலாம், அட்டையைக் காட்டி வேறு ஊர் அரசு நிலையத்திலும் கேட்கலாம் என்று முதல் நாளே சொல்லியிருந்தால், அவர் அங்கே இன்னொரு முறை வாதாடியிருப்பார்.

சாயா என்ற கருத்தடை மாத்திரையை முதல் 3 மாதம் வாரம் இருமுறையும், பிறகு வாரம் ஒருமுறையும் சாப்பிட வேண்டும். கிழமையை மறந்துபோகிறவர்கள் சந்தை நாளோடு அதை முடிச்சுப் போட்டுக்கொள்ளலாம். நெடுநாள் அலைச்சலுக்குக் கருப்பையில் பொருத்தும் காப்பர்-டி சாதனம் பொருந்தும். ஆனால் தொடக்க மாதங்களில் உதிரப்போக்கு கூடலாம் என்பதை மறைக்கக் கூடாது. மறைவிடமும் தண்ணீரும் அரிதான வயல்வெளியில் அது பெண்ணுக்குப் பெரும் பாடு. அந்தராவில் மாதவிலக்கு தள்ளிப்போகலாம், நின்றும்போகலாம். முன்பே சொல்லாவிட்டால் கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிட்டது என்று அஞ்சி ஊசியையே விட்டுவிடுவார்கள். எந்த முறையானாலும் உடல்நிலையைக் கேட்டறிந்து பரிசோதித்த பிறகே கொடுக்க வேண்டும்.

மருமகளிடம் மட்டும் தனியாகப் பேசிவிட்டு வந்துவிடுவதும் தவறு, கூட்டத்தின் நடுவே அவளைக் கேள்வி கேட்பதும் தவறு. சுவரில்லாத கிடையில் இரகசியம் தங்காது. முதலில் அவள் விருப்பத்தைத் தனியே கேட்டறிந்து, அவள் சம்மதித்தால் மட்டும் மாமியாரிடமும் பேசலாம். பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெயிலில் நடந்த அந்த மாமியாருக்கு இடைவெளியின் அருமை தெரியாமல் போகாது. ஆண் பிள்ளை வேண்டும் என்று அவர் சொன்னால் கடிந்துகொள்ளாதீர்கள். ஆடும் துரட்டியும் மகன் கைக்குத்தான் போக வேண்டும் என்று நினைக்கும் வீட்டில் அந்தக் கவலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டுவிட்டுப் பேசுங்கள்.

ஆண்களை விட்டுவிடுவது இன்னொரு பெரிய குறை. ஆண்களுக்கான கருத்தடைச் சிகிச்சையான தழும்பில்லா வாசக்டமி செய்தால் வலுக் குறைந்து ஆட்டின் பின்னால் நடக்க முடியாது என்பது அவர்கள் அச்சம். அதனால் வலுவோ ஆண்மையோ குறையாது என்று, முடிந்தால் செய்துகொண்ட ஒருவரைக் கொண்டே சொல்ல வையுங்கள். முகாமைக் கிடை ஊரில் இருக்கும் கார்த்திகை, மார்கழியில் வையுங்கள். செய்துகொண்ட பிறகும் 3 மாதம் வேறு பாதுகாப்பு தேவை; விந்துப் பரிசோதனை முடிந்த பிறகே அதை விடலாம். அந்த 3 மாதம் முடிவதற்குள் வளசை கிளம்பிவிடக்கூடும் என்பதால், ஆணுறைகளையும், எங்கே எப்போது பரிசோதிக்க வேண்டும் என்று எழுதிய சீட்டையும் கையில் கொடுத்து அனுப்புங்கள்.