காலேஜ் பக்கத்துத் தெருவுல திடீர்னு நோ பார்க்கிங் போர்டு வந்துட்டா (ஊட்டிக்காரங்களுக்கு)

ஸ்டோன் ஹவுஸ் மேட்டுல அரசு கலைக் கல்லூரி ஆரம்பிச்சது 1955ல. ஊட்டிய உருவாக்கின வெள்ளைக்கார கலெக்டர் சல்லிவன் துரை குதிரையில வந்து பங்களா கட்டின இடம் அது, அந்தக் காலத்து மேட்டுச் சந்துல இப்ப ஒரு பக்கம் பசங்க பைக், ஒரு பக்கம் நம்ம காரு, நடுவுல கேஸ் வண்டி வந்து ஹாரன் அடிச்சிட்டு நின்னா எப்டி இருக்கும். காலேஜ் இருக்கிற எந்த ஏரியாவா இருந்தாலும் என்னைக்காவது பார்க்கிங்க மாத்தத்தான் செய்வாங்க.

மொதல்ல போர்ட ஒழுங்கா பாருங்க. நீல வட்டத்துல ஒரே ஒரு சிவப்புக் கோடுன்னா பார்க்கிங் கூடாது, ஆள ஏத்தி இறக்கிட்டு கெளம்பிடலாம். ரெண்டு கோடு குறுக்க இருந்தா நிக்கவே கூடாது. கீழ சின்னதா நேரமோ அம்புக்குறியோ இருக்கும், பாதிப் பேரு அதப் படிக்காமலே சண்டைக்குப் போறாங்க. தப்பா நிறுத்தினா மொத தடவை 500 ரூபா, மறுபடி மாட்டினா 1500, வண்டிய இழுத்துட்டுப் போனா அந்தச் செலவும் நம்ம தலையிலதான்.

போர்டே இல்லன்னாலும் வளைவு, மேட்டு உச்சி, அடுத்தவங்க கேட் முன்னாடி, ஏற்கெனவே நிக்கிற வண்டிக்கு நேர் எதிர்ல, இங்கெல்லாம் நிறுத்தக் கூடாது. நம்ம சந்துல பிரச்சனையே கடைசியா சொன்னதுதான். அப்புறம் இன்னொன்னு, கசப்பாத்தான் இருக்கும், வீட்டுக்கு முன்னாடி இருக்கிற ரோடு நம்மளோடது இல்லீங்க. பூந்தொட்டி வச்சு, கயிறு கட்டி எடம் புடிச்சா அதுவும் தப்புதான். ஆனா நம்ம கேட்ட மறிச்சு எவனாச்சும் நிறுத்தினா தாராளமா போலீஸ கூப்பிடலாம்.

வெளியூர்லருந்து வண்டி கொண்டு வர்ற பசங்க "இ-பாஸ் இருக்கே அண்ணா"ன்றாங்க. 2024 மே 7லருந்து ஹைகோர்ட் சொல்லி வந்த அந்த பாஸ் மலை ஏறுறதுக்குத்தான் தம்பி, தெருவுல நிறுத்துறதுக்கு இல்ல.

மாத்தின ரூல் நமக்கு ஒத்து வரலன்னா தனித்தனியா போய் கத்தாதீங்க. தெருவுல எல்லா வீட்டுலயும் கையெழுத்து வாங்கி ஒரே மனுவா எழுதுங்க. "பார்க்கிங் வேணும்"னு மொட்டையா எழுதாம, எந்தப் பக்கம், எந்த நேரம், ஆம்புலன்ஸ் எந்த எடத்துல திரும்ப முடியல, எல்லாம் போட்டோவோட போடுங்க. காலேஜ் நேரத்துக்கு மட்டும் தடை, இல்லாட்டி ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங், இப்டிக் கேட்டா காது குடுத்துக் கேப்பாங்க. பசங்க வண்டிய காம்பவுண்டுக்குள்ள விடச் சொல்லி காலேஜுக்கும் ஒரு காப்பி குடுங்க. டிராபிக் போலீஸ், நகராட்சி ரெண்டுக்கும் குடுத்துட்டு, அசையலன்னா திங்கக்கெழம பிங்கர்போஸ்ட் கலெக்டர் ஆபீஸ்ல நடக்கிற குறைதீர் கூட்டத்துல குடுத்து ரசீது வாங்கிடுங்க. நேர்ல போக முடியாதவங்க முதல்வர் ஹெல்ப்லைன் 1100க்கு போன் போடலாம்.

இப்ப புதுசா வேற எடத்துல நிறுத்த வேண்டி வரும்ல, அது பெரும்பாலும் சரிவாத்தான் இருக்கும். மூக்கு எறக்கத்த பாத்து இருந்தா ரிவர்ஸ் கியர், ஏத்தத்த பாத்து இருந்தா பர்ஸ்ட் கியர், ஹேண்ட் பிரேக்க மட்டும் நம்பாதீங்க. ஸ்டியரிங்க மண் திட்டுப் பக்கமா ஒடிச்சு விடுங்க, வண்டி நகந்தாலும் திட்டுல போய் முட்டி நின்னுக்கும். பள்ளம் இருக்கிற பக்கம் நிறுத்தவே வேணாம். சாக்கடை மூடி மேல டயர ஏத்துனா உடைஞ்சு உள்ள எறங்கிடும், அப்புறம் நாலு பேரு சேந்துதான் தூக்கணும். டயருக்கு முட்டு குடுத்த கல்ல கெளம்பும்போது மறக்காம ஓரமா தூக்கிப் போடுங்க, அப்டியே விட்டுட்டுப் போறவங்கள நெனச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும், சாயங்காலம் மூடுபனி எறங்கினப்புறம் பைக்ல வர்றவனுக்கு அது தெரியவே தெரியாது.

மே மாசம் மலர் கண்காட்சி சமயத்துல ஒன்வே, பார்க்கிங் எல்லாம் திரும்பவும் மாறும். அந்த ஒரு மாசம் மட்டும் போலீஸ் அறிவிப்ப பாத்துட்டு அப்புறமா வண்டிய எடுங்க.