பழைய எம்ஜிபி வாங்குமுன் கதவுக்குக் கீழே பாருங்கள்
1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் தயாரான எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் போகிறவர்கள் முதலில் என்ஜினைத்தான் பார்க்கிறார்கள். அந்த 1,798 சிசி என்ஜினுக்கு உதிரிபாகங்கள் இன்றும் எளிதாகக் கிடைக்கின்றன. பணத்தைக் கரைப்பது துருதான். இந்தக் காருக்குத் தனிச் சட்டகம் கிடையாது. கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் தகட்டுப் பெட்டிகளே, குறிப்பாகக் கூரை திறந்த மாடலில், பாரம் தாங்குகின்றன. ஜாக்கி வைத்துத் தூக்கச் சொல்லி, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். இடைவெளி குறுகிக் கதவு உரசினால் உள்ளே அரித்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை அடிவிளிம்பில் நகர்த்துங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசி மறைத்திருப்பார்கள். பெயின்ட் புதிதாகப் பளபளத்தால் இன்னும் உன்னிப்பாகப் பாருங்கள். ஜாக்கி வைக்க விற்பவர் மறுத்தால், விலையைக் குறைத்தாலும் வாங்காதீர்கள்.