புதுத் தொட்டியில் மீன் விடும் முன்: ஒரு மாதம் வெறும் தண்ணீர்

என் முதல் தொட்டியை ஒரு ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் போய் வாங்கி வந்தேன். மதியம் தண்ணீர் நிரப்பினேன், சாயங்காலம் நான்கு தங்கமீன்களை விட்டேன். வியாழக்கிழமைக்குள் நான்கும் செத்து மிதந்தன. தண்ணீரோ பளிங்கு மாதிரி இருந்தது. எதனால் செத்தன என்றே அப்போது புரியவில்லை.

கொன்றது அமோனியா. மீனின் செவுளிலிருந்தும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனி அழுகுவதிலிருந்தும் அது தண்ணீரில் சேர்ந்துகொண்டே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பழகிய தொட்டியில் ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். அதுவும் விஷம்தான். இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அதை வாராந்திரத் தண்ணீர் மாற்றலில் சமாளித்துவிடலாம். இந்த இரண்டு கூட்டமும் புதுத் தொட்டியில் இருக்காது. மீனைப் பலிகொடுக்காமல் அவற்றை வளர்த்தெடுப்பதைத்தான் சைக்கிளிங் என்கிறோம்.

இரண்டடிக்கு ஓரடி, ஓரடி உயரத் தொட்டியை வைத்துச் சொல்கிறேன். மணல் போட்டு, மேலே கொஞ்சம் இடம் விட்டால் சுமார் 45 லிட்டர் பிடிக்கும்.

முதலில் ஃபில்டர். சாதாரண ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஏர் பம்பும் போதும். பாக்டீரியா குடியேறுவது முக்கியமாக அந்த ஸ்பாஞ்சில்தான், தண்ணீரில் இல்லை. அதற்கு ஆக்சிஜன் வேண்டும், அதனால் பம்பை இரவும் பகலும் ஓடவிடுங்கள். விளக்கு வேண்டாம், பாசிதான் பிடிக்கும்.

அப்புறம் தண்ணீர். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும், அது பாக்டீரியாவையும் கொல்லும். மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி-குளோரினைப் பாட்டிலில் சொன்ன அளவு சேருங்கள். குளோரின் கலக்காத போர் தண்ணீருக்கு அது தேவையில்லை. கேன் தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். உப்புச்சத்து குறைந்த அந்தத் தண்ணீரில் பிஎச், அதாவது அமில-கார அளவு, சீக்கிரம் சரிந்து, பாக்டீரியா வளர்ச்சி பாதியில் நின்றுவிடும்.

இப்போது பாக்டீரியாவுக்குத் தீனி. தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு அழுகவிடுவார்கள் சிலர், ஓர் இறாலைப் போட்டு வைப்பவர்களும் உண்டு. இரண்டும் வேலை செய்யும். ஆனால் அளவு கையில் நிற்காது, இறால் வைத்தால் வீட்டிலும் இருக்க முடியாது. நான் பயன்படுத்துவது நவச்சாரம். பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருப்பார்களே, அதேதான், அமோனியம் குளோரைடு. ஆனால் ஈயப்பூச்சுக்கு விற்பது வேண்டாம், ஆய்வகத்துக்கு ரசாயனம் விற்கும் கடையில் சுத்தமானதாக வாங்குங்கள். 6 கிராம் எடுத்து ஒரு லிட்டர் தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வைத்து, பெயர் எழுதி ஒட்டி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தொட்டியில் எத்தனை லிட்டரோ அத்தனை மில்லி ஊற்ற வேண்டும். நமக்கு 45 மில்லி. லிட்டருக்குக் கிட்டத்தட்ட 2 மில்லிகிராம் அமோனியா, அதாவது 2 பிபிஎம் வந்துவிடும். நிறைய ஊற்றினால் சீக்கிரம் முடியும் என்று நினைக்காதீர்கள். 5 பிபிஎம் தாண்டினால் பாக்டீரியாவே திணறும்.

டெஸ்ட் கிட் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். பட்டையாக வருவதைவிடச் சொட்டு மருந்து வகை நம்பகமானது. என் கிட்டில், அமோனியா இல்லாவிட்டால் சோதனைக் குழாயில் எடுத்த தண்ணீர் மஞ்சளாக நிற்கும், இருந்தால் பச்சையாகும். நைட்ரைட் இல்லையென்றால் வெளிர்நீலம், ஏற ஏற ஊதா. இரண்டு நாளுக்கொரு முறை பார்த்து காலண்டரில் குறித்து வையுங்கள்.

முதல் ஒன்றிரண்டு வாரம் பச்சை அப்படியே நிற்கும், எரிச்சலாகத்தான் இருக்கும். தண்ணீர் பால் மாதிரி கலங்கினாலும் பதற வேண்டாம், தானே தெளியும். திடீரென்று ஒரு நாள் பச்சை வெளுத்து, நைட்ரைட் ஊதாவாகத் தொடங்கும். முதல் கூட்டம் வந்துவிட்டது. இனி அமோனியா பூஜ்ஜியத்துக்கு இறங்கும்போதெல்லாம் இன்னொரு 45 மில்லி.

நைட்ரைட் கட்டம்தான் நீளம். இரண்டாவது கூட்டம் மெதுவாகத்தான் பெருகும். ஊதா கடைசி நிறத்திலேயே நாள்கணக்கில் நின்றால் பாதித் தண்ணீரை மாற்றிவிட்டுக் காத்திருங்கள். அந்த நேரத்தில் ஸ்பாஞ்சைக் குழாயடியில் கழுவிவிடாதீர்கள், வளர்ந்ததெல்லாம் போய்விடும். நம் ஊர் வெப்பத்தில் மொத்தமாக நான்கு வாரம், சில சமயம் ஆறு. நீண்டநாள் ஓடும் நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் பழைய ஸ்பாஞ்ச் ஒன்று கேட்டு வாங்கி உள்ளே போட்டால் பாதி நாள் மிச்சம்.

45 மில்லி ஊற்றி, 24 மணி நேரம் கழித்துப் பார்த்தால் குழாய் ஒன்று மஞ்சள், இன்னொன்று வெளிர்நீலம். மறுநாளும் ஊற்றிப் பாருங்கள், அப்படியே வந்தால் சரி, தொட்டி தயார். சேர்ந்திருக்கும் நைட்ரேட் போக முக்கால்வாசித் தண்ணீரை மாற்றிவிட்டு, அடுத்த நாளே மீன் வாங்கப் போகலாம். போக ஒரு வாரம் தள்ளிப்போனால் நவச்சாரக் கரைசலை நிறுத்தாதீர்கள், பாக்டீரியா பட்டினி கிடக்கும். மீன் விடுவதற்கு முந்தைய நாள் மறுபடி தண்ணீர் மாற்றினால் போதும்.

முதல் தடவை ஐந்தாறு கப்பி மீன். இரண்டு வாரம் கிட்டில் நிறம் மாறாமல் இருந்தால் அடுத்த ஐந்தாறு. தங்கமீன் மட்டும் வேண்டாம், அதற்கு இந்தத் தொட்டி சின்னது. அது எனக்குத் தெரிந்ததும் பிறகுதான்.